பத்தொன்பது சட்டை வால்கள்

கெட்டில் ரன், பென்சில்வேனியா
ஏப்ரல் 11, 1988

அன்புள்ள ஆல்டன் அண்ணாவுக்கு,

வெல்டா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். மலைமேல் பனி இன்னும் முழுக்கக் கரையவில்லை. உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? ஜனவரியில் என் ஹார்லனின் அடக்கத்துக்கு உங்களை வரவிடாத இடுப்பு, யூமா வெயிலில் இப்போதாவது கொஞ்சம் இளகியிருக்கும் என்று நம்புகிறேன். போன் செய்யலாம்தான். ஆனால் முப்பத்தொரு வருஷம் துப்பாக்கி ஆலையில் இருந்த உங்கள் காதில் பாதிதான் விழும், மீதியை நீங்களே இட்டு நிரப்பிக்கொள்வீர்கள். அதனால் கடிதம்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் ஒல்லிக் கரடி வேட்டை முகாமில் எல்லோரும் கூடி, ஹார்லன் படுத்த கட்டில், அதாவது முகாமில் அவர் இடம், இனி யாருக்கு என்று பேசினார்கள். நான் கேக் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கட்டில் எனக்கு வேண்டும் என்றேன். ஏழு ஆண்களும் கேக்கை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்கள். கடைசியில் மெர்ல் யோஸ்ட், முகாம் தலைவர் என்ற தோரணையோடு சொன்னார்: "சரிம்மா, ஒரே ஒரு சீசன் தர்றோம். நவம்பர்ல முதல் நாளே கொம்புள்ள மான் ஒண்ணை விழ வைங்க, கட்டில் உங்களுக்கு. இல்லேன்னா என் மருமகனுக்கு." பின்னாலிருந்து ஒருவர், "ஹார்லன் ஸ்ட்ரோ வீட்டுக்கு இருபதாவது வால்!" என்றார்.

அந்தச் சுவர் உங்களுக்குத் தெரியும். மானைச் சுட்டுத் தவறவிட்டவன் சட்டையின் பின்வாலை வெட்டி, பேரும் வருஷமும் எழுதி ஆணியடிக்கிற சுவர். அதில் பத்தொன்பது வால்கள் ஹார்லனுடையவை. கத்தரிக்கோல் பிடித்தது ஒவ்வொரு வருஷமும் நீங்கள்தான். வெட்டுப்பட்ட சட்டைகளுக்கு வேறு துணியில் வால் தைத்துக் கொடுத்தது நான். அவர் பேர் அங்கே ஒரு சிரிப்பாக மட்டும் மிஞ்சுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பா எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான் அந்தக் கட்டிலில் படுப்பேன்.

ஹார்லனின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போக மாட்டேன். இத்தனை சட்டைகளைத் தின்ற துப்பாக்கியோடு அவர்கள் முன்னால் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. புதிதாக ஒரு லீவர் ரைபிள் வாங்கப் போகிறேன், அவருடையதைப் போலவே முப்பது-முப்பது தோட்டா போடுகிறது. வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாரையும் எனக்குத் தெரியாது.

அன்புடன்,
தங்கை வெல்டா

*

யூமா, அரிசோனா
ஏப்ரல் 29, 1988

வெல்டாவுக்கு,

கடிதம் வந்தது. இடுப்பு இருந்த இடத்தில் இருக்கிறது. உன் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்குகிறாயா, இல்லை பழையபடி அலமாரியில் அடுக்கி அழகு பார்க்கிறாயா?

ஒல்லிக் கரடி முகாமில் மூளை வைக்க இடமுள்ள தலை ஒன்றுதான், சுவரில் மாட்டியிருக்கும் கரடித் தலை. அதிலும் வைக்கோல். அவர்களிடம் போய்க் கட்டில் கேட்டிருக்கிறாய். போகட்டும்.

இப்போதெல்லாம் புதுத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து வாங்குகிறார்கள். செய்கிறவர்களும் அது தெரிந்துதான் செய்கிறார்கள். கடைக்காரன் துப்பாக்கியை உன் தோளில் சாய்த்து, உங்களுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது என்பான். திருப்பிக் கொடுத்துவிடு. உன் கைக்குட்டையால் முதலில் எண்ணெயைத் துடை. எண்ணெய்க்கு அடியில்தான் எல்லா அயோக்கியத்தனமும் இருக்கும். லீவரை இறக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார், விரலாலும் பார். பிறகு மரமும் இரும்பும் சேருகிற இடம். அங்கே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் அது கதவுக்குச் செய்த வேலை, துப்பாக்கிக்குச் செய்ததில்லை. திருகாணித் தலைகள் கடிபட்டிருந்தால் உனக்கு முன்னாலேயே எவனோ உள்ளே புகுந்து குடைந்திருக்கிறான். கையை நீட்டிப் பிடித்துப் பின்னாலிருந்து பார், முன்குறி நேராக நிற்க வேண்டும். குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் போலச் சாய்ந்திருந்தால் வேண்டாம். லீவரை இருபது தடவை இறக்கி ஏற்று. மணலை அரைப்பதுபோலச் சத்தம் வந்தால் வேண்டாம். போலித் தோட்டா ஆறு கொண்டுபோய்ப் பக்கவாட்டுக் கதவில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார். கட்டை விரல் கிழிந்தால் வேண்டாம். ஆறும் சிக்காமல் மேலே ஏறி வெளியே விழ வேண்டும்.

கடைசியாக, காது குடைகிற பஞ்சுக்குச்சி. அதைக் குழல் வாயின் உள்விளிம்பில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்று. ஒரு இழை சிக்கினாலும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போ. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அதுதான். மற்றதெல்லாம் தங்கமாக இருந்தாலும், அந்த விளிம்பில் பிசிறு இருந்தால் குறி பார்ப்பதும் ஒன்று, கண்ணை மூடிக்கொள்வதும் ஒன்று.

ஹார்லனைப் போல, யார் எதைக் கையில் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளாதே.

ஆல்டன்

*

கெட்டில் ரன்
மே 20, 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். மாத்திரையை விழுங்குகிறேன், பாதி நாட்கள். பட்டாணி முளைத்துவிட்டது. உங்கள் காதுக்கு அந்தப் புது மெஷின் வாங்கினீர்களா?

நேற்று டைஸின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். லீவர் ரைபிள் மூன்று வைத்திருந்தார். நீங்கள் எழுதியதைப் பைபிள் மாதிரி பிரித்து மேஜைமேல் வைத்துக்கொண்டேன். முதலாவதில் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே அவருடைய விசிட்டிங் கார்டே நுழைந்தது. அதை அவர் கையிலேயே எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவதில் முன்குறி வலப்பக்கம் சாய்ந்திருந்தது. நீங்கள் சொன்ன குடிகாரனேதான். மூன்றாவதில் இரண்டாம் தோட்டாவிலேயே என் கட்டை விரல் கிழிந்தது.

பஞ்சுக்குச்சியை எடுத்ததும் டைஸுக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா, துப்பாக்கிக்குக் காது குடையுறீங்களா? மான் இதைப் பார்த்தாலே சிரிச்சுச் செத்துப்போகும், தோட்டாவே வேணாம்." பக்கத்தில் இருந்தவர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். என் அண்ணன் அந்த ஆலையில் முப்பத்தொரு வருஷம் கடைசிப் பரிசோதகர் என்றேன். அதற்கு அவர், "அப்படியா? அந்த ஆலையில அறுபதுகள்ல வந்த குப்பையெல்லாம் உங்கண்ணன் பார்த்து அனுப்பினதுதானா? கேட்டதாச் சொல்லுங்க!" என்றார்.

அப்படியே உங்களுக்கு எழுதிவிட்டேன். என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
வெல்டா

*

யூமா
ஜூன் 8, 1988

வெல்டாவுக்கு,

மெஷின் வாங்கவில்லை. இந்த ஊரில் கேட்கத் தகுந்ததாக யாரும் எதுவும் பேசுவதில்லை. கட்டை விரலுக்கு மருந்து போட்டாயா?

டைஸிடம் போய்ச் சொல். அவன் அப்பன் மீன் தூண்டில் விற்ற காலத்திலேயே, ஒரு நாளைக்கு நூற்றறுபது துப்பாக்கிகளை நான் கையில் எடுத்துப் பார்த்தவன். தேறியதற்கெல்லாம் குழலின் அடியில், கை பிடிக்கிற மரமான முன்கட்டை மூடுகிற இடத்தில், வட்டத்துக்குள் ஒரு 'A' அடிப்பேன். அது என் முத்திரை. முத்திரை அடித்த பிறகு ஏதாவது குறை கண்ணில் பட்டால், அதன் பக்கத்திலேயே உளியால் ஒரு புள்ளி குத்துவேன். புள்ளி விழுந்தது, கழித்ததை அடுக்குகிற நீலத் தாங்கிக்குப் போகும், அங்கிருந்து உலைக்குப் போகும். புள்ளி விழுந்த துப்பாக்கி எதுவும் எந்தக் கடைக்கும் போனதில்லை. மேஜைக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது? முன்கட்டையைக் கழற்றக்கூடத் தெரியாதவன் ஆலையைப் பற்றிப் பேசுகிறான்.

வேறு கடை பார். எமர்சன்வில்லில் ஒன்று இருக்கிறதே, அதன் முதலாளி முட்டாள்தான். ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கும் முட்டாள்.

ஆல்டன்

*

கெட்டில் ரன்
ஜூலை 1, 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், உங்கள் நலம் எழுதவும். விரல் ஆறிவிட்டது. இங்கே ஸ்ட்ராபெரி முடிந்து ஜாமும் போட்டாயிற்று. இரண்டு பாட்டில் உங்களுக்கு அனுப்புகிறேன், அரிசோனாவில் உடையாமல் வந்து சேர்ந்தால்.

எமர்சன்வில் போனேன். நீங்கள் சொன்னதுபோலவே அவர் வாயைத் திறக்கவில்லை. அங்கே ஒரு துப்பாக்கி ஏறக்குறையத் தேறிவிட்டது. மரம் சரி, குறி நேர், பஞ்சு சிக்கவில்லை. ஆனால் போலித் தோட்டா போட்டபோது நாலாவது தோட்டா பாதி வழியில் குறுக்கே நின்றுவிட்டது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் அதே நாலாவது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. கெட்டதையே பார்த்துப் பார்த்து, நல்லது கைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. நல்லது என் வீட்டிலேயே இருக்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு நீங்களே ஆலையில் பொறுக்கி எடுத்து வந்து கொடுத்தது. வருகிற பத்தாம் தேதி ஞாயிறு, சர்ச் முடிந்து வந்ததும் ஹார்லனுடைய துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, உங்கள் சோதனை எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை செய்து பழகப் போகிறேன்.

அன்புடன்,
வெல்டா

*

யூமா
ஜூலை 6, 1988

வெல்டா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன். ஹார்லனுடைய துப்பாக்கியைத் தொடாதே. பழைய துப்பாக்கி, தெரியாதவர்கள் கை வைத்தால் கெட்டுப்போகும். மெர்லுக்கோ வேறு யாருக்கோ கொடுத்துவிடு. எமர்சன்வில்லில் பார்த்ததையே வாங்கு. நாலாவது தோட்டா சிக்குவதெல்லாம் பெரிய விஷயமில்லை, பழகப் பழகச் சரியாகிவிடும். சீக்கிரம் வாங்கிவிடு.

ஆல்டன்

*

கெட்டில் ரன்
ஜூலை 30, 1988

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் பதினோராம் தேதி திங்களன்று வந்தது. ரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டீர்கள். கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. ஜாம் வந்து சேர்ந்ததா?

பீன்ஸ் இந்த வருஷம் ஏராளமாகக் காய்த்திருக்கிறது. மெர்லின் மருமகன் முகாமுக்குப் புது மெத்தை வாங்கிவிட்டானாம், கட்டில் தனக்குத்தான் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இத்துடன் ஒரு பஞ்சுக்குச்சி வைத்திருக்கிறேன். இழை எப்படி இழுபட்டிருக்கிறது என்று பாருங்கள். இப்படி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

வெல்டா

*

கெட்டில் ரன்
செப்டம்பர் 25, 1988

ஆல்டனுக்கு,

எட்டு வாரமாகிறது. பதில் இல்லை. நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்று உன் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், போன் செய்து கேட்டேன். தினமும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாயாம். அதனால் சுகம் விசாரிக்கவில்லை.

ஹார்லனுடைய துப்பாக்கியை கிளீட்டஸ் பென்னரிடம் கொண்டுபோனேன். ஆற்றங்கரையில் துப்பாக்கி பழுது பார்க்கிறவர், அதிகம் பேச மாட்டார். குழல் வாயைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இது தேய்மானம் இல்லம்மா. கடைசல்ல உளி சறுக்கியிருக்கு. பொறந்தப்பவே இப்படித்தான்" என்றார். முன்கட்டையைக் கழற்றச் சொன்னேன். வட்டத்துக்குள் 'A' இருந்தது. பக்கத்திலேயே புள்ளி இருந்தது. கிளீட்டஸ் ஒரு ஸ்டூலை என் பின்னால் நகர்த்தி வைத்தார்.

"இதைச் சரி பண்ண முடியுமா?" என்று கேட்டேன்.

"இருபது நிமிஷ வேலை" என்றார்.

இருபது நிமிஷம், ஆல்டன். நான் ஒரு காப்பி குடித்து முடிக்குமுன் வாயைச் சீவி விளிம்பை வெட்டிக் கொடுத்துவிட்டார். கல்குவாரியில் நூறு கஜத்தில் ஐந்து குண்டு சுட்டேன். ஐந்தையும் ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம். அதே குவாரியில் ஹார்லன் இருபத்திரண்டு வருஷம் ஒவ்வொரு சனிக்கிழமையும் சுட்டுப் பழகினார். மூன்று தடவை கண்ணாடி மாற்றினார். கை நடுக்கத்துக்கு டாக்டரைப் பார்த்தார், டாக்டர் நடுக்கமே இல்லை என்றார். வேறு துப்பாக்கி வாங்குங்களேன் என்று நான் சொன்னபோதெல்லாம், "உங்கண்ணன் தன் கையால பொறுக்கிக் கொடுத்தது வெல்டா. குறை அதுல இருக்காது, எங்கிட்டதான்" என்பார். முகாமில் ஒருவன் துப்பாக்கியால் இன்னொருவன் சுடக்கூடாது என்று வழக்கம் வேறு. அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு தடவை, சுத்தம் செய்யும்போது குழல் வாயில் துணி மாட்டுகிறது என்று உன்னிடமே சொன்னார். நம் வீட்டு மேஜையில், நன்றிநாள் விருந்தில். பால் வண்டி ஓட்டிப் பிழைத்தவரிடம் நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "துணியை மாத்துடா. பால் வண்டி துடைக்கிற துணியில துப்பாக்கி துடைச்சா அப்படித்தான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஒரே கேள்விதான். தெரிந்து கொடுத்தாயா?

வெல்டா

*

யூமா
அக்டோபர் 14, 1988

வெல்டாவுக்கு,

கிளீட்டஸ் பென்னர் பாத்திரத்துக்கு ஈயம் பூசப் போக வேண்டியவன். ஹார்லன் சுத்தம் செய்த லட்சணத்தில் எந்தக் குழல் வாயும் பிசிறு தட்டும். உளி வைத்திருக்கிற எவனும் புள்ளி குத்தலாம். எனக்கு இடுப்பு வலி, அதிகம் எழுத முடியாது. ஜாம் வந்தது. ஒரு பாட்டில் உடைந்திருந்தது.

ஆல்டன்

*

கெட்டில் ரன்
டிசம்பர் 4, 1988

ஆல்டனுக்கு,

நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவையும் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை, நவம்பர் இருபத்தெட்டு, சீசனின் முதல் நாள். ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொண்டு, ஹார்லனுடைய துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, அவர் எப்போதும் உட்காருகிற ஹெம்லாக் மரத்தடியில் உட்கார்ந்தேன். காலை எட்டே காலுக்கு எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மான் ஓடையைத் தாண்டி வந்து நின்றது. நூற்றுப் பத்து கஜம் இருக்கும். ஒரே குண்டு. விழுந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அப்புறம் உட்கார்ந்து அழுதேன். மானுக்காக இல்லை.

இழுத்துவர மெர்லும் இரண்டு பேரும் வந்தார்கள். மெர்ல் மானைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். "இது ஹார்லனோடதாச்சே?"

"ஹார்லனோடதுதான்."

"இதுல எப்படிம்மா விழுந்துச்சு?"

முகாமுக்குப் போய், சாப்பாட்டு மேஜையில் சாஸேஜுக்கும் ஊறுகாய் முட்டைக்கும் நடுவே துப்பாக்கியை வைத்து முன்கட்டையைக் கழற்றினேன். உன் ஜூன் மாதக் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். வட்டம், 'A', புள்ளி, நீலத் தாங்கி, எல்லாம். உன் எழுத்தை அங்கே எல்லோருக்கும் தெரியும், முகாம் சட்டத்தையே நீதானே எழுதி மாட்டினாய். மெர்ல் அந்தப் புள்ளிமேல் விரலை வைத்தார். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை. மருமகன் என்னமோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். "வாய மூடுறா" என்றார்.

அந்தப் பத்தொன்பது வால்களையும் இறக்குங்கள் என்று கேட்டேன். மெர்ல் தலையை ஆட்டினார். "சுவத்துல ஏறினது இறங்காதும்மா, அதுதான் சட்டம். ஆனா சட்டத்துல இன்னொண்ணும் இருக்கு. குறி தப்பினவன் சட்டைதான் சுவத்துல தொங்கணும். இதுல குறி தப்பினவன் ஹார்லன் இல்லையே."

எழுந்து போய், ஹார்லனுடைய வால்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தார். பத்தொன்பது ஆணி. யாரும் சிரிக்கவில்லை. அவர் அடித்து முடிக்கும்வரை மற்றவர்களெல்லாம் நின்றுகொண்டே இருந்தார்கள்.

கட்டில் எனக்குக் கிடைத்துவிட்டது. மருமகனின் புது மெத்தையையும் அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆணிகள் காலியாக இருக்கின்றன. உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன். பதிலை எதிர்பார்த்து இல்லை.

வெல்டா

*

யூமா
ஜனவரி 17, 1989

அன்புள்ள வெல்டாவுக்கு,

இந்தப் பார்சலைக் கட்டியவள் தபாலாபீஸ்காரி, நான் இல்லை. அதனால்தான் இப்படிக் கோணலாக இருக்கிறது.

தெரிந்துதான் கொடுத்தேன். நீலத் தாங்கியிலிருந்து எடுத்து, என் காரின் பின்னால் போர்வையில் சுற்றி வைத்தேன். நீ பால் வண்டி ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. நல்லதற்கும் கெட்டதற்கும் அவனுக்கு எங்கே வித்தியாசம் தெரியப் போகிறது, அவனுக்கு இது போதும் என்று நினைத்தேன். முதல் வருஷம் அவன் தவறவிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது வருஷம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஐந்தாவது வருஷத்துக்குமேல் சொன்னால் நான் என்ன ஆவேன் என்று பயம் வந்துவிட்டது. பயத்தை மறைக்க இன்னும் சத்தமாகச் சிரித்தேன். ஒவ்வொரு வருஷமும் வாலை வெட்டும்போது அவன் திரும்பி நின்று, "நல்லா நேரா வெட்டுங்க மச்சான், வெல்டா தைக்கிறதுக்கு லேசா இருக்கும்" என்பான். அடக்கத்துக்கு வராததற்குக் காரணம் இடுப்பு இல்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பார்சலில் ஏழு வால்கள் இருக்கின்றன. என்னிடம் இருந்த சட்டைகள் அவ்வளவுதான். நேராகத்தான் வெட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் என் பேரும் வருஷமும் எழுதியிருக்கிறேன், 1966-இலிருந்து. 1969-ஐ விட்டிருக்கிறேன், அந்த வருஷம் அவன் கண்ணில் மானே படவில்லை. எனக்கு எல்லா வருஷமும் நினைவிருக்கிறது. அவன் பக்கத்திலேயே மாட்டச் சொல். மெர்லுக்கு ஆணி அடிக்கத் தெரியாது, தலையை மடக்கிவிடுவான். கிளீட்டஸ் பென்னரைக் கூப்பிடு.

இன்னும் பன்னிரண்டு பாக்கி. இந்த ஊர்க் கடைகளில் விற்கிற சட்டைகள் மகா மட்டம். நேற்று மூன்று கடை ஏறி இறங்கினேன். தையலைப் பிரித்துப் பார்க்கிறேன் என்று ஒரு கடைக்காரி என்னைத் துரத்திவிட்டாள். ஹார்லன் பக்கத்தில் தொங்கப் போகிற துணி, கண்டதை வாங்க முடியாது. நல்லதாகப் பார்த்து, மாதம் ஒன்றாக வாங்கி வெட்டி அனுப்புகிறேன்.

வாலில்லாத சட்டையோடு வாசலில் உட்கார்ந்தால் முதுகில் காற்றுப் படுகிறது. பக்கத்து வீட்டுக்காரி என்ன ஆயிற்று என்று கேட்டாள். என் தங்கை புருஷனிடம் தோற்றுவிட்டேன் என்று சொன்னேன்.

மாத்திரையைத் தினமும் விழுங்கு. ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று எழுது. எழுதாவிட்டாலும் நான் ஒன்றும் சொல்ல முடியாது.

உன் அண்ணன்,
ஆல்டன்